நான்கு டிகிரி

ஒரு பங்கு பன்றித்தோல் பொடி, ஒன்பது பங்கு தண்ணீர்.
கொதிக்க விடக்கூடாது, வலு போய்விடும்.
பூஞ்சை பிடிக்காதிருக்க
நாலு சொட்டுப் பட்டை எண்ணெய்.
பொகடெல்லோவில் என் கார்க்கொட்டகை
கேக் சுடும் வீடுபோல் மணக்கிறது.
அச்சுக்குள் உறைவதோ
ஒரு மார்பின் பதிலி.

இரண்டு நாள் குளிர்பெட்டியில், நான்கு டிகிரியில்.
பிறகு ஒரு பொடிக்குண்டு சுட்டுப் பார்ப்பேன்.
மூன்றரை அங்குலத்துக்குச் சற்று முன்னே நின்றால்
சதை தயார்.

சனிக்கிழமை கைவிட்ட கல்குவாரியில்
ஆர்வல் தன் நாற்பத்தைந்தோடு வந்தான்.
மருமகன் தேயின் ஒன்பது மில்லியோடு.
பத்து வருஷப் பந்தயம்,
தோற்றவன் முட்டையும் இறைச்சியும் வாங்கித் தரவேண்டும்.
ஜெல்லிக்கு முன்னால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி தொங்கவிட்டேன்.
பழைய துணிக்கடையில் இரண்டு டாலர்.
பைக்குள் யாரோ பால் வாங்கிய ரசீது இருந்தது.

ஒன்பது: பதினாலு அங்குலம்.
நாற்பத்தைந்து: பதின்மூன்றரை.
பூவாய் விரிந்த ஈயத்தைக் கத்தியால் தோண்டி
உள்ளங்கையில் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
இரண்டுக்கும் வித்தியாசம்
நகத்தடியில் தெரியும் வெள்ளைப் பிறை அளவு.
அந்தப் பிறைக்காகத்தான்
இருவரும் மதியம்வரை கத்தினார்கள்.
கனம் என்றான் ஒருவன்.
வேகம் என்றான் மற்றவன்.
கூடக் கொள்ளும் தோட்டாக்களைத் தேயின் எண்ணிக் காட்ட,
"ஒன்றே போதும் என்பவனுக்கு எண்ணிக்கை எதற்கு"
என்று துப்பினான் ஆர்வல்.

வெர்லீன் அதுவரை பேசவில்லை.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட்,
பீட்ரூட் லாரிகளை எடை போடுபவள்.
வலது மணிக்கட்டில் எஃகுத் தகடு வைத்துத் தைத்த தழும்பு.
எப்படி முறிந்தது என்று
ஊரே கேட்காமல் தெரிந்து வைத்திருந்தது.
நீதிமன்றத் தாள் ஒன்று அவள் கோட்டுப் பையில் இருந்தது.
முந்நூறு அடிக்குள் அவன் வரக்கூடாதாம்.
அந்தத் தாள் எத்தனை அங்குலம் துளைக்கும் என்று
யாரும் அளந்ததில்லை.

நாற்பத்தைந்தின் மேல்தகட்டை இழுத்துப் பார்த்தாள்.
பாதியில் நின்றது.
ஆர்வல் உதவக் கை நீட்டினான்.
அவள் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"இந்த ஜெல்லி ஓடிவருமா?" என்று கேட்டாள்.
தேயின் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான்.
"சுட்டபிறகு விழ எத்தனை நேரம்?"
என்னிடம் பதில் இல்லை.
என் மார்புகள் விழுவதில்லை.
வீங்கும், நடுங்கும்,
பழைய வடிவத்துக்குத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும்.
கோபம் கலக்க வழியில்லை அவற்றில்,
குடியும்தான்.

கடைசியில் முந்நூற்றெண்பது ஒன்றைக் கொடுத்தேன்.
சின்னது, இலகுவாய் இழுபடுவது.
அதைக் கொசு என்பான் ஆர்வல்.
ஐந்து சுட்டாள்.
ஒன்பதரை அங்குலம், ஆழம் போதாது.
ஆனால் ஐந்தும் ஒரு காப்பித் தட்டுக்குள்.
காலையில் ஆர்வலின் ஏழில் இரண்டு
ஜெல்லியையே தொடாமல் மலைக்குப் போயிருந்தன.
அதை நான் சொல்லவில்லை.
அவனும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கிட்டப்போய்
ஒரு துளையில் விரல் விட்டாள், கணு வரைக்கும்.
அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.
"இவ்வளவு ஜில்லென்று இருக்கமாட்டான்," என்றாள்.

பெட்டியோடு நூறு தோட்டா வாங்கிக்கொண்டு போனாள்.
சில்லறையை எண்ணித்தான் கொடுத்தாள்.

இரவு கட்டிகளை வெட்டி அண்டாவில் போட்டேன்.
சூடேற ஏற, துளைகள் முதலில் மறைந்தன.
வடிகட்டியில் ஈயத் துணுக்கு, நீல நூல்.
மாடியிலிருந்து மனைவி கேட்டாள்:
"என்ன சுடுகிறாய், வாசனை தூக்குதே?"
ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த சனிக்கு மூன்று கட்டி வேண்டுமாம்.
ஆர்வல் பத்து மில்லி வாங்கியிருக்கிறான்.