வாசனைப் பதிவேடு

அய்யூர்க் காட்டில் காலை ஆறரை.
பதினொரு பிள்ளைகள்,
ஒருவருக்கொருவர் ஒரு மூங்கில் கழி தூரம்.
நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கும் கருவி
வெயிலில் கிடந்தால்
பாறைக்கும் காய்ச்சல் என்று சொல்லும்.
அதனால் நான் நம்பியது மூக்கை.

கண்ணை மூடு. இது என்ன?
காட்டுத் துளசி.
இது?
உண்ணிச்செடி, அக்கா, கசக்காதீங்க.
இது?
நேற்று ராத்திரி போன யானையின் லத்தி.
தஸ்லீமா மட்டும் தினமும் அதை வைக்கோல் என்பாள்.
தப்புத்தான், ஆனால் மூக்கு வேலை செய்கிறது.
டிக்.

முகாமுக்குப் பத்து நாள் என்றுதான் பேச்சு.
ஐந்தாம் நாள் ஓசூர் பஸ் நின்றுபோனது.
பிள்ளைகளின் போன்கள்
கெம்பம்மாவின் ராகி டின்னுக்குள் பூட்டியிருக்க
சாயங்காலம் நான் மட்டும் சிக்னல் பாறைக்கு ஏறி
பதினொரு வீட்டுச் செய்தியையும் வாங்கி
சலித்துக்கொண்டு இறங்குவேன்.
லோகித்தின் அப்பாவுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது.
எதற்குக் கட்டில் என்பதைச்
சல்லடையில் நிறுத்திக்கொண்டேன்.

ஆறாம் நாள்
துளசியைக் கிள்ளி முதலில் நான் முகர்ந்தேன்.
விரலில் பச்சை இருந்தது.
இன்னும் கசக்கினேன்.
விரல் இன்னும் பச்சையானது, அவ்வளவுதான்.
பதினொரு பேரும் பாஸ்.
பதிவேட்டில் எனக்கென்று
நான் கட்டமே போட்டிருக்கவில்லை.

தேன்கனிக்கோட்டைக்குப் போன் போட்டால்
வண்டி இல்லை, அங்கேயே தனியா இருங்க என்றார்கள்.
தனியா இருக்க அந்தக் காட்டில் ஒரே இடம்
சிக்கமாதனின் பரண்.
ஏறினேன்.
கூடையில் களி உருண்டை மேலே வரும்,
கழுவிய தட்டு கீழே போகும்.

அந்தியில் பிள்ளைகள் மரத்தடியில் வந்து நின்றார்கள்,
நான் சொல்லாமலே
மூங்கில் கழி தூரம் விட்டு.
அக்கா, மழை வாசனை வருது!
எப்படி இருக்கு?
மழை மாதிரி இருக்கு, என்றான் யுகேந்தர்.
முட்டாளே, என்று லோகித் முன்னால் வந்தான்:
எங்கப்பா லேத்துல சூடான இரும்பு மேல
தண்ணி விடுவாரே, அந்த மாதிரி.
அப்பா எப்படி இருக்கார் என்று
அவன் கேட்கவில்லை.
மழை வரும்வரை அங்கேயே நின்றான்.

அன்றிரவு சுள்ளி முறிந்தது.
ஆனெ, ஆனெ, என்று தூரத்தில்
சிக்கமாதன் தகரம் தட்டினான்.
யானைக்கு முன்னால் அதன் வாடை வரும்,
வாடை வந்ததும் அசையாதே என்று
பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான்.
வாடை இல்லாமல் வந்து நின்றது
பாதி யானை.
இருட்டில் தும்பிக்கையை உயர்த்திப்
பரணின் அடிப்பலகையில் வைத்து
நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.
என்னிடம் என்ன படித்ததோ.
காய்ச்சலா, களியா,
சல்லடையில் நின்றுபோன அந்த ஒரு சொல்லா.
யாரிடமும் சொல்லாமல்
ராகிக் கொல்லைப் பக்கம் நடந்தது.

மறுநாள் லோகித்தைக் கூப்பிட்டேன்.
முழுசாகச் சொன்னேன்,
மரத்தின் மேலிருந்து, ஊருக்கே கேட்கும்படி;
வேறு வழியில்லை.
தெரியும்க்கா, என்றான்.
நீங்க பாறையிலேர்ந்து இறங்குறப்போ
என்னை மட்டும் பாக்க மாட்டீங்க.

ஒன்பதாம் நாள் கூடை கனத்து வந்தது.
உள்ளே உள்ளங்கையளவு லத்தி,
தேக்கிலையில் பத்திரமாக.
பதிவேடு இப்போது தஸ்லீமாவிடம்.
பன்னிரண்டாவது கட்டத்தைக் கோணலாகக் கோடிழுத்து
எனக்கு மூன்று பெருக்கல் குறி போட்டிருந்தாள்.
அக்கா, கண்ணை மூடுங்க. இது என்ன?

மூடினேன்.
எங்கோ ஒரு மூலையில், நூலளவு.
வந்ததா, வரவேண்டுமென்று நினைத்துக்கொண்டேனா,
இன்றுவரை தெரியாது.
வைக்கோல், என்றேன்.

கீழே சத்தமே இல்லை.
தஸ்லீமா பேனாவை உயரப் பிடித்து
என்னை அண்ணாந்து பார்த்தாள், ரொம்ப நேரம்.
பிறகு
அரை டிக் போட்டாள்.