கருமை ஏழில்

ஆட்சேபப் பாரம் ஒன்றுக்கு இரண்டு பக்கம்.
பக்கம் இருபது காசு.
முதல் வாரம் காசு வாங்கினேன்.
இரண்டாம் வாரம் கோகிலவாணி
பாரத்தை நீட்டிவிட்டுக்
கைப்பையை மூன்று முறை துழாவினாள்.
அதோடு டப்பாவை மூடிவிட்டேன்.

நகராண்மைக் கழக மண்டபத்தில்
வரைபடம் மாட்டியிருக்கிறார்கள்.
எங்கள் தெரு அதில் நீலம்.
நீலம் என்றால் வாணிபமாம்.
பதினெட்டு மாடி, அடியில் கார் நிறுத்த மூன்று தளம்.
இத்தனை வருஷம் நாங்கள் செய்தது என்னவாம்?
தவுக்கே கியோங் அரிசி நிறுத்ததும்
அற்புதராஜ் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதும்
சம்பளத் தேதியில் ஹார்க்னஸ் தோட்டமே லோரியில் வந்திறங்கிக்
கடன் அடைத்து
மறுநாளே புதுக்கடன் எழுதியதும்
வாணிபத்தில் சேராதோ?

கீழே பொடி எழுத்தில்:
கருத்துச் சொல்ல முப்பது நாள்.

நான் ஒன்றும் இந்தப் பலகைச் சுவரைக் காதலிக்கவில்லை.
மழை வந்தால் மெஷின்மேல் பிளாஸ்டிக் விரிக்கிறேன்.
மாடியெல்லாம் கரையான்.
ஐந்தடிப் பாதைத் தூணில்
1955 என்று செதுக்கியிருப்பதைப் பார்க்க
யாராவது வந்தால்
வாளியைத் தாண்டித்தான் வர வேண்டும்.
நஷ்ட ஈடு என்ற சொல்லை
ஓரிரவு நானும்
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.

விசாரணையில் யார் பேசலாம் என்று கேட்கப் போனோம்.
கிராண்ட் இருக்கிறதா என்றார் அதிகாரி.
நிலம் சர்க்காருடையது.
எங்களிடம் இருப்பது
தற்காலிகக் குடியிருப்பு உரிமம்,
வருஷா வருஷம் புதுப்பிப்பது.
தற்காலிகம்தானே, என்றார்.
மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றிரவு
பிஸ்கட் டின்னிலிருந்து
சாமிப் படத்தின் முதுகிலிருந்து
பைபிளின் நடுவிலிருந்து
சீன நாள்காட்டியின் பின்னட்டையிலிருந்து
ரசீதுகள் இறங்கி வந்தன.
முதல் வருஷம்: கார்பன் நீலம், பதினைந்து வெள்ளி.
அறுபத்தொன்பது மே: ஊர் அடங்கிக் கிடந்த வாரம்;
தாமதக் கட்டணம் ஐம்பது காசு.
ரப்பர் விலை விழுந்த வருஷம் இரண்டு தவணை.
ஒன்றில் பாதிவரை வெள்ளத்தின் கறை.
நாகரெத்தினம் ஒட்டிய செலோடேப்
பழுத்து, எண்ணைத் தின்றிருந்தது.
இருபத்திரண்டு கதவு.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் தாள்.

கண்ணுக்கே தெரியாத எழுத்து
மெஷினுக்கு எப்படித் தெரியும்?
கருமையை ஐந்தில் வைத்தேன். ஆவி மாதிரி வந்தது.
ஆறு.
ஏழில்
கறை, மடிப்பு, ஒரு கொசுவின் பிணம்
எல்லாவற்றோடும் சேர்ந்து
குமாஸ்தாவின் கையெழுத்தும் எழுந்து வந்தது.
யார் யாரோ குமாஸ்தாக்கள்.
அறுபத்தெட்டு வருஷம்
பெற்றுக்கொண்டேன், பெற்றுக்கொண்டேன் என்று
எழுதிக்கொண்டே ஓய்வு பெற்றவர்கள்.

தவுக்கே இரண்டு டோனர் வாங்கி வந்து
சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்.
தபால்கார நோர்ஹிஷாம்
கதவெண் வரிசையில் அடுக்கினார்; அவருக்கு அது கைப்பழக்கம்.
அற்புதராஜுக்கு மட்டும் ஜொகூரிலிருந்து மகன் போன்:
விட்டுட்டு வாங்கப்பா.
அவர் பாரம் இன்னும் என் மேஜையில்,
கையெழுத்தில்லாமல்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலை
கழகத்துப் பையன் ஒருவன், கழுத்தில் அட்டை,
மூச்சிரைக்க வந்தான்.
அங்கே மெஷினில் தாள் சிக்கிக்கொண்டதாம்.
மதியம் கூட்டமாம்.
எட்டுப் பிரதி, கலரில்.
விரித்தால், அதே வரைபடம்.

என் கடைக் கண்ணாடிமேல்
என் கடை
நீலமாகக் கவிழ்ந்து படுத்தது.
எட்டு முறை வெளிச்சம்
அதன் அடியில் போய் வந்தது.

பதினாறு வெள்ளி.
ரசீது வேணும்க்கா, கிளேம் பண்ணணும்,
முகவரி முழுசா எழுதுங்க.

எழுதினேன்.
கதவு எண் பதினான்கு,
ஜாலான் ஸ்டேசன் லாமா,
சுங்கை தெபாயு.
அடித்தாளிலும் விழும்படி
அழுத்தி.

நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.
வாளி நிரம்பியிருந்தது.
கொட்டிவிட்டு வந்து
மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.