டவர் இல்லாத நாலு வளைவு

விடிகாலை ஐந்தே காலுக்குக் கம்பத்தில் கிளம்பும் ஜீப்பில்
எழுதியிருப்பது எட்டு,
ஏறியிருப்பது பதினாலு.
முன்சீட்டில் நானும் ஒச்சம்மாளும்.
மொக்கச்சாமி கியர் மாற்றினால்
என் முழங்கால் ஒதுங்க வேண்டும். அது பழகிவிட்டது.
பழகாதது
தோளுக்கும் காதுக்கும் நடுவே
அவன் இடுக்கிக்கொள்ளும் போன்.

கழுத்து சாய்ந்தவனுக்கு
ரோடும் சாய்ந்துதான் தெரியுமோ?
கேட்டேன் ஒருநாள்.
"போனா என் உசுருந்தானேக்கா போகும்" என்றான்.
நியாயம்தான்.
ஆனால் அவன் ஒன்று, நாங்கள் பதினாலு.

மூன்றாம் வளைவில் ஏலத்தோட்டத்து சிபிச்சன்:
"எவிடெ எத்தி?"
நாலாம் வளைவில் மறுபடியும் சிபிச்சன்.
ஏழைத் தாண்டினால் அரைநாள் கூலி.
ஐந்தாவதில் ஜீப்புக்குத் தவணை கேட்பவன்.
யாருக்கும் தெரியாது
தாங்கள் பேசுவது ஒரு விளிம்போடு என்று.

சட்டம் இருக்கிறதாம்.
கம்பத்தில் போலீசைக் கண்டால் போன் தொடைக்கடியில் போகும்.
கம்பமெட்டு செக்போஸ்டிலும் தொடைக்கடியில்.
இரண்டு சட்டத்துக்கும் நடுவே மலை,
மலையில் நாங்கள்.

ஏழாவது வளைவுக்கு மேல்
தமிழ்நாட்டு டவர் செத்துவிடும்,
கேரளத்து டவர் இன்னும் எழுந்திருக்காது.
அப்போது பார்க்கணும் அவனை.
கழுத்து நேராகும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
எதிரே வரும் பஸ்சுக்கு லைட்டைத் தணித்து
முட்டைக்கூடை ஏற்றியவன்போல் ஓட்டுவான்.
நாங்கள் கண்ணசருவது
அந்த நாலு வளைவில்தான்.

பதினோராவதில் டிங் என்று ஒரு மெசேஜ்,
கேரளம் வரவேற்கிறது.
தினமும் குனிந்து படிப்பான்,
முதல்முறை வரவேற்கப்படுகிறவன்போல.

கார்த்திகைப் பனியில்
குனிந்தவன் நிமிர்வதற்குள்
முன்சக்கரம் ஒன்று காற்றில் நின்றது.
ஒரு தூக்குவாளி உருண்டது, விழுந்தது,
விழுந்துகொண்டே இருந்தது.
சத்தம் நின்ற பிறகுதான் ஆழம் தெரிந்தது.
"பின்னாடி யாரும் இறங்காதீங்கடி,
கனம் பின்னாடியே இருக்கட்டும்" என்றாள் ஒச்சம்மாள்.
எட்டுப் பேர் வண்டியில் பதினாலு ஏற்றிய குற்றம்
அன்றைக்கு எங்களைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் பதினாலு பேரும் ரோட்டில் நின்றோம்.
போனைக் கொடு, ஏறுகிறோம்.
கொடுத்தான்.
அன்றிலிருந்து அது என் சோற்றுப் பையில்.
சிபிச்சன் கூப்பிட்டால்
"வண்டி ஓடுது" என்று வைத்துவிடுவேன்.
இரண்டுமுறை அரைநாள் கூலி போயிற்று.
"அவன் பேசிருந்தா சமாளிச்சிருப்பான்"
பின்சீட்டில் முனகினாள் பெருமாயி.
இருக்கலாம்.
எங்களில் யாருக்கும் மிச்சக்கூலி கிடையாது.

நேற்று ஆறாவது வளைவில் அவன் மனைவி.
"அக்கா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு, அவர்கிட்ட குடுங்க."
எனக்கு வாய் உலர்ந்தது.
"வண்டி ஓடுதும்மா" என்றேன்.
பக்கத்துவீட்டு ஆட்டோவைப் பிடிக்கச் சொன்னேன்.
அதற்குள் ஏழாவது வளைவு, டவர் போயிற்று.
"யாருக்கா?" என்றான், ரோட்டைவிட்டுக் கண் எடுக்காமல்.
"சிபிச்சன்."

மெட்டில் வண்டி நின்று
சாவியை அவன் திருப்பிய பிறகு சொன்னேன்.
ஒரு நொடி என்னைப் பார்த்தான்,
அறைவான் என்றே நினைத்தேன்.
"எந்த வளைவுல?"
"ஆறு."
ஆறிலிருந்து விரல்விட்டு எண்ணினான்.
அங்கே தெரிந்திருந்தால்
எந்த வளைவுவரை வந்திருப்போம் என்று
அவனும் எண்ணினானோ என்னவோ.

எங்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான்.
போனை நீட்டினேன்.
"நீயே வச்சிரு" என்றான்.

பகலெல்லாம் இடுப்பில் கனத்தது.
மூன்று மணிக்கு, ஏலச்செடிக்கு நடுவே,
கை நிறையக் காயோடு நிற்கும்போது அடித்தது.
நான் எதையும் ஓட்டவில்லை.
காயைக் கூடையில் போட்டேன்,
கையைச் சேலையில் துடைத்தேன்,
எடுத்தேன்.