படகு நின்ற இடம்

மே பதினெட்டு. மழை விட்டு மண்ணில் இளஞ்சூடு.
மேப்பிள் மரத்தடியில் பென்சில் பருமனில் துளைகள்,
நேற்று இல்லாதவை.
எண்ணத் தொடங்கி நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன்.

இருட்டியதும் வந்தன.
சேறு பூசிய முதுகோடு, எந்த அவசரமும் இல்லாமல்
தக்காளிக் குச்சியில், வேலியில்,
கழுவிக் கவிழ்த்த என் ரப்பர் பூட்ஸில் ஏறின.
முதுகின் நடுவே ஒரு கோடு வெடித்து
வெள்ளையாய் வழிந்தது உடல்.
கண் மட்டும் சிவப்பு. இரவெல்லாம் அழுதவள் கண்.
கசங்கிய சிறகு நிமிர ஒரு மணி நேரம்.
காபி ஆறியது தெரியவில்லை எனக்கு.

நாய்க்கு அந்த மெய்ம்மறதி எல்லாம் கிடையாது.
கிடைத்ததை எல்லாம் மொறுமொறுவென்று தின்று
விடியலில் சமையலறை மிதியடியில்
திருப்பிக் கொடுத்தது.

போன தடவை இந்தச் சில்வண்டுகள் வந்தபோது
இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து மூன்று வாரம்.
என் முடியில் சிக்கிய ஒன்றை ட்ராய் எடுத்துவிட்டான்,
சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.
அந்த ஆகஸ்டில் கிளைகளிலிருந்து
அரிசி முனையளவு குஞ்சுகள் உதிர்ந்து
மண்ணுக்குள் போயிருக்கும்.
யார் பார்த்தார்கள்?

ஆறு வருடம் கழித்துப் படகு வாங்கினான்.
அதை நிறுத்த இரண்டாவது மேப்பிளை வெட்டி
அந்த இடம் முழுக்கக் கான்கிரீட் ஊற்றினான்.
ஈரம் காயுமுன் ஆணியால் எழுதினான்:
ட்ராய், ரோண்டா.
படகு விற்றாயிற்று. அவன் டேட்டனில், வேறொருத்தியோடு.
கான்கிரீட் இங்கேதான்.

துளைகள் அதன் விளிம்பு வரை வந்து நிற்கின்றன.
மிச்ச மரத்தின் வேர் அடியில் நீண்டிருந்தால்
குடித்துப் பிழைத்திருக்கும். நீளாமலும் இருக்கலாம்.
பதினொரு மணிக்கு டார்ச்சோடு மண்டியிட்டுக்
காது வைத்தேன். பகல் வெயிலின் சூடு.
கேட்டதெல்லாம் என் நாடித்துடிப்பு.

அப்புறம் என் பெயரின் வால் பக்கம்,
போன குளிர்காலம் பிளந்த விரிசலில்
ஒரு கொக்கிக் கால்.
தலை நுழையவில்லை.
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், துரு உதிர, நகம் உடைய.
வந்தது. ஒரு பக்கச் சிறகு விரியவே இல்லை.
மரத்தில் வைத்தேன். காலையில் எது அது என்று தெரியவில்லை.

பத்தாம் நாள் மரங்கள் பிடித்துக்கொண்டன,
தெரு முழுக்க ஒரே ரீங்காரம்.
ட்ராய்க்குப் போன் போட்டேன், இரண்டு வருடத்தில் முதல் தடவை.
"கடப்பாறை உன்கிட்டதானே இருக்கு?"
"என்ன? எங்கே நிக்கிற நீ?"
மறுபடி கேட்டேன்.
அவன் காதில் விழவில்லை.
அத்தனை இரைச்சல், என் பக்கம்.