பதின்மூன்றா, பதினைந்தா

கன்னங்குறிச்சி தாண்டி மலையடிவாரம்.
தகரக் கொட்டகைக்குள் தாங்கிகளின் மேல்
சக்கரமில்லாமல் நிற்கிறது வண்டி,
காலைக் கழற்றி வைத்துவிட்டுத்
தூங்கப் போனது போல.

போன ஞாயிறு, இரவல் சக்கரம் மாட்டி
எடை போட்டோம்.
என் கம்பெனியில் ஜவ்வரிசி மூட்டை நிறுக்கிற
தராசுகள் நான்கு, மூலைக்கு ஒன்று.
வாட்ச்மேனுக்குப் பிரியாணி.
ஐந்நூற்று எழுபத்தெட்டு கிலோ.
"ஆறரை மூட்டைதானா அக்கா!" என்றான் சம்பங்கி.
ஒவ்வொரு குழாயும் அவன் பற்றவைத்தது.
நான் ஏறி உட்கார்ந்ததும் தாவிய எண்ணை
இருவருமே பார்க்காதது போல இருந்துவிட்டோம்.

இனிச் சக்கரம்.
பதினைந்து அங்குலம் போடு, எடுப்பாக இருக்கும்
என்கிறார்கள் வண்டியைப் பார்க்க வருகிற எல்லோரும்.
பதின்மூன்று என்கிறேன் நான்.
ஒன்றுக்கு இரண்டே கால் கிலோ குறையும்,
நான்குக்கு ஒன்பது.
சும்மா கிடக்கிற ஒன்பது இல்லை அது,
சுழல்கிற ஒன்பது,
குழியில் விழுந்து எழுகிற ஒன்பது.
சீட்டுக்கடியில் இருந்தால் சாமான்.
சக்கரத்தில் இருந்தால் சண்டை.

ஐந்து ரோடு. டயர்க் கடை.
காஜா முகைதீன் பதின்மூன்றில்
பதினோரு வகை இறக்கிக் காட்டுகிறார்.
ஊரில் பாதி டாக்சிக்கு இதுதான்.
"நாற்பதாயிரம் கிலோமீட்டர், நான் கேரண்டி."
நானூறு போதும் பாய் என்கிறேன்.
பொன்னி அரிசிக் கடைக்கு வந்து
குருணை கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

நகத்தால் அழுத்துகிறேன்.
நகம்தான் வளைகிறது.

இந்த ரப்பர் இளக வேண்டுமானால்
மேலே ஆயிரத்து இருநூறு கிலோவாவது உட்கார வேண்டும்.
என்னுடையது உட்கார்ந்தால் அதற்கு உறைக்கவே உறைக்காது.
செட்டிப்பாளையத்தில் பத்துச் சுற்று விரட்டிவிட்டு
இறங்கித் தொட்டாலும்
ஆறின இட்லி போல இருக்கும்.
லேசாகப் பிறந்ததற்கு இது ஒரு தொல்லை.
சீக்கிரம் தேய்கிறது கிடைத்தால்தான் பிடிப்பு.

சீக்கிரம் தேய்கிறது கோயம்புத்தூரில் இருக்கிறதாம்.
பதினைந்தில் மட்டும்.

ஒரு வாரம் விடவில்லை நான்.
பெங்களூர், புனே, யாரோ ஒருவரின் மச்சான்
துறைமுகத்தில் வேலை செய்கிறார் என்று அவரையும் கேட்டேன்.
பிறகு ஒரு ராத்திரி சம்பங்கி
கேக் டப்பா அட்டையில் பதின்மூன்று அங்குல வளையம் வெட்டி
முன்பக்க அச்சில் மாட்டினான்.
பாதிச் சுற்றில் காலிப்பர் இடித்தது.
பீடி நுழைகிற சந்துகூட இல்லை.
தேய்த்துக் குறைக்கலாமா என்றேன்.
"பிரேக்கையா?" என்றான்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து நின்றேன்.
மேற்கே நிலவில் வெள்ளைக்கல் மேடு.
பந்தயச் சக்கரம் வார்க்கிற மெக்னீசியம்
அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது,
நம் ஊரில், இவ்வளவு பக்கத்தில்.
வார்த்த சக்கரத்தின் விலையை ஒரு தரம் போனில் கேட்டிருக்கிறேன்.
"செட்டா, ஒன்றா?" என்று நான் கேட்டதற்கு
"ஒன்று" என்றார்கள்.

ஏற்காட்டிலிருந்து விளக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.
ஒரு கொண்டை ஊசியில் அணைந்து
அடுத்ததில் எரிந்து.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
பிரேக் கருகுகிற வாசனை வரும்.
குடும்பத்தோடு போய்ப் படகு விட்டு
நியூட்ரலில் திரும்புகிறவர்கள்.
அவர்கள் காலுக்கடியிலும்
காஜா பாயின் நாற்பதாயிரம்தான்.
அதுபாட்டுக்கு இறங்கிவந்து
அஸ்தம்பட்டிப் பக்கம் போய்விடுகிறது.

பதினைந்து. சரி.
ஆனால் ஒல்லியாக, ஆறங்குல அகலம்,
மேலே போகமாட்டேன்.
பாய்க்குச் சொன்னதும் சிரித்தார்:
"இதைத்தானேம்மா எல்லாரும் சொன்னாங்க."
எல்லோரும் சொன்னது வேறு காரணத்துக்கு
என்று விளக்க ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

பார்சல் பரோட்டாவைப் பிரித்தோம், பானெட் மேல்.
"அப்ப அந்த ஒன்பது கிலோவை
எங்கே குறைக்கிறது?" என்றேன்.
சம்பங்கி பதில் சொல்லவில்லை.
என் இலையைப் பார்த்தான்.

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.