நீல மூடி

பெப்ரவரி. கோட் தே நேஜ் தெருவில்
பனி அள்ளும் வண்டி எதையோ திட்டிக்கொண்டு போகிறது.
சலவைக்கடையின் ஏழாவது மெசின்
இருபத்தெட்டு நிமிடம் சுற்றும்.
துணி மடிக்கிற மேசையில்
வில்நேர் செஸ் பலகையை விரிக்கிறார்.
டாக்சிக்காரர், ஹெய்ட்டிக்காரர்.
எங்கள் இருவருக்கும் பொதுவான பிரெஞ்சு நாற்பது சொல்.
வெள்ளையில் ஒரு சிப்பாயைக் காணவில்லை.
அந்த இடத்தில் சோப்புப் போத்தலின் நீல மூடி.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை,
வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் போனில் பார்த்தது.
ராஜாவுக்கு முன் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம்.
மந்திரி சாய்வாக வெளியே.
ராணி ஓரத்துக்கு, வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி.
வில்நேர் குதிரையைத் தூக்கி ராணியை மிரட்டினார்.
மிரட்டுகிறவன் தன் வாசலைப் பார்ப்பதில்லை.
அங்கே ஒரு சிப்பாய் நிற்கிறான்,
ராஜாவைத் தவிர அவனுக்கு வேறு காவல் கிடையாது.
அவனைத் தள்ளிவிட்டு ராணி உட்கார்ந்தாள்.
நாலே நகர்வு.
மெசின் இன்னும் தண்ணீர் பிடித்து முடியவில்லை.

அவர் சிரித்த சிரிப்பில்
காலுறை சோடி தேடிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த கிழமை அதையே ஆடினேன்.
இந்த முறை ஒரு சின்னச் சிப்பாய் முன்னால் வந்து
ராணியை 'எழும்பு' என்றான்.
பிறகு போகிற இடமெல்லாம் துரத்தல்,
அவள் ஓடி முடிப்பதற்குள்
அவருடைய ஆட்கள் எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாம் கிழமை வெள்ளை அவருக்கு.
தன் ராணியை அப்படியே விட்டுவிட்டுக்
குதிரையால் ஒரு சிப்பாயைத் தின்றார்.
கவனிக்கவில்லை, பாவம் மனுசன்.
பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எடுத்தேன்.
மந்திரி 'செக்' என்றது. ராஜா ஓர் அடி முன்னே வந்தார்.
இரண்டு குதிரைகளும் அவரை நடுவில் பிடித்தன.
வெட்டிய ராணி
என் உள்ளங்கைக்குள் இன்னும் சூடாக இருந்தாள்.

'முதல் மாத வாடகை இலவசம்' என்று
எங்கள் கட்டடத்தில் ஒட்டியிருந்த அட்டை ஞாபகம் வந்தது.
சரி, அது வேறு கதை.

நேற்றுக் கேட்டேன்:
இதைவிடக் கெதியாகத் தோற்க முடியுமா?
முடியும் மதாம், நீங்கள் மனம் வைத்தால்.
நீல மூடியை ஒரு கட்டம் நகர்த்தினார்.
பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம்.
கறுப்பு ராணி ஒரே சறுக்கில் வந்து நின்றாள்.
இரண்டாவது நகர்வில் முடிந்தது.
வெல்கிறவருக்கு இதில் பெரிய வேலையில்லை,
தோற்கிறவர்தான் பாடுபட வேண்டும் என்றார்.

நான் பலகையையே பார்த்தேன்.

அந்த அறையிலும் கம்பளம் இருந்தது, தண்ணீர்ச் சாடி இருந்தது.
அதிகாரி நல்ல பெண், சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்:
அன்றிரவு வீட்டில் யார் யார்?
எல்லாரும் என்றேன்.
அப்படியானால் தம்பியும்?
இல்லை, அவன் அதற்கு முன்பே, என்று தொடங்கினேன்.
அவள் பேனாவை மூடினாள்.
மொழிபெயர்ப்பாளர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

ஒன்றும் வெட்டுப்படவில்லை, அதுதான்.
என் குதிரைகள், யானைகள்,
ஆஸ்பத்திரிச் சீட்டு, பாதிரியாரின் கடிதம்,
முத்திரை குத்திய பதினேழு பக்கம்,
எல்லாம் வடிவாக அடுக்கியபடி
வீட்டுக்குள்ளேயே நின்றன.

என்ன மதாம், என்றார் வில்நேர்.
மெசின் நின்றுவிட்டது என்றேன்.
மேன்முறையீட்டுக்கு மார்ச் பதினொன்று
என்பதற்கு அந்த நாற்பது சொல்லில் இடமில்லை.

ஈரத்தை அள்ளி உலர்த்தியில் போட்டு
இரண்டு டாலர் கூடப் போட்டேன்.
திரும்ப அடுக்குங்கள், வெள்ளை எனக்கு.
கை பழக்கத்தில் நீல மூடிக்குப் போனது.
எடுத்துவிட்டேன்.
முதலில் குதிரை. பிறகு மந்திரி.
ராஜாவை மூலைக்கு அனுப்பிய பிறகுதான்
இனிப் பேச்சு.