வடக்கு மேலே

நியூகாசிலில் பெட்டியை வாங்கிப் பூட்டும்போது
மணி ஒன்று இருபது.
நாலு பை ரத்தம், ஐஸ், ஒரு கையெழுத்து.
பெரிக் மருத்துவமனைக்கு அறுபத்தைந்து மைல்.
பகலில் நான் கொதிகலன் பழுது பார்ப்பவன்.
வாரத்தில் இரண்டு இரவு
சம்பளமில்லாத இந்த மஞ்சள் பைக்.

போன குளிர்காலம் பெரிக் வாசலில் ஷோனா கேட்டாள்:
"எந்த வழியா வந்தீங்க, கத்பர்ட்?"
சும்மாதான் கேட்டாள், பெட்டியைத் திறந்துகொண்டே.
எனக்கு வாய் வரவில்லை.
இடது, வலது, ரவுண்டானாவில் மூன்றாவது,
அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.
அத்தனை மைல் தொடைக்கடியில் ஓடியும்
ஓர் ஊரின் பேர்கூட ஒட்டவில்லை.
கண்ணைக் கட்டிக் கூட்டிவந்த குதிரைக்கும் எனக்கும்
என்ன வித்தியாசம்?
குதிரையாவது லாயத்தை மோந்து அறியும்.

மறுநாள் ஜிபிஎஸ்ஸில் அந்தக் குரலை அணைத்தேன்.
வடக்கை மேலே வைத்துப் பூட்டினேன்.
அதுவரை படம் எனக்காகச் சுழன்றது,
நான் திரும்பிய பக்கமெல்லாம்
அதுதான் முன்னால் என்று முகத்துதி பாடியது.
இப்போது தெற்கே போனால்
அம்பு என் மடியை நோக்கி இறங்குகிறது.
இடம் வலமாகிறது, மண்டை காய்கிறது.
ஒரு மாதம் ரவுண்டானா தோறும் கெட்ட வார்த்தை.
காயட்டும்.

இந்தச் சீமையில் மேற்கு நிஜமாகவே மேல்,
கிழக்கு நிஜமாகவே கீழ்.
செவியட் மலை ஒருபுறம் ஏறிக் கிடக்க
நிலம் சரிந்து சரிந்து வடகடலில் கால் நனைக்கும்.
(கிழக்கே கிடக்கும் கடலுக்கு வடகடல் என்று பேர்.
அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)
திசைக்குப் பேர் வைத்தவன் எவனோ
இங்கே ஒருநாள் பைக் ஓட்டியிருக்க வேண்டும்.

டாங்க்கில் ஒட்டிய நாடாவில் எழுதினேன்:
மலை இடது. கடல் வலது. டில் ஆறு வடக்கே ஓடும்.

நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து அடைப்பு,
ஊலர் வழியே போ என்றாள் மோரா, போனில்.
மழை. கொண்டல் காற்று
ஹெல்மெட் விளிம்பில் புகுந்து
ஒரு காதை மட்டும் நனைத்தது.
வலது காது நனையும்வரை
நான் வடக்கே போகிறேன்.

ஊலர் தாண்டியதும் ஜிபிஎஸ்
ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது.
ஆறு நிமிடம் மிச்சம் என்றது.
ஆறு நிமிடம்! யாரோ அங்கே கட்டிலில்.
திரும்பினேன்.
வேலி, வேலி, ஆட்டின் கண், ஒரு கவை,
கணக்கு விட்டுப்போன வளைவுகள்,
பிறகு சாலை தண்ணீருக்குள் இறங்கியது.
அளவுக் கம்பத்தில் நாலடிக்கு மேல்.
திரையில் கோடு எப்போதோ அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டது.
பிறகு திரையே உறைந்தது, ஈரத்தில்.

எஞ்சினை அணைத்தேன். விளக்கை விட்டுவைத்தேன்.
நுரை இடமிருந்து வலமாகப் போகிறது.
ஆறு வடக்கே போகிறதென்றால்
நான் பார்த்து நிற்பது மேற்கு.
பிடரியைத் தொட்டேன். நனைந்திருந்தது.
கொண்டலும் அதையேதான் சொல்கிறது.
அப்படியென்றால் பெரிக் எனக்குப் பின்னால்.
பைக்கைத் திருப்பினால் எதிரே, இடதுகைப் பக்கமாக.

கவையில் பலகை இல்லை. இடது.
நெஞ்சு அடித்துக்கொண்டது, மறைப்பானேன்.
முக்கால் மைலுக்கு அப்பால்
என் விளக்கில் வெள்ளைப் பலகை: லோயிக்.

மூன்று பத்துக்குப் பெட்டி கைமாறியது.
ஷோனாவுக்கு விடுமுறையாம்.
புதுப் பையன், ஒரு காதில் பாட்டு,
பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.
அவன் கேட்கவில்லை. நானே சொன்னேன்:
ஊலர், டாடிங்டன், ஒரு வெள்ளம், லோயிக்.
"ஆங்?" என்றான்.
"ஒன்றுமில்லை."

வெளியே, கீழே, இருட்டில் கடலின் சத்தம்.
காலிப் பெட்டியை மாட்டினேன்.
காற்று மாறவில்லை.
இனி வீடுவரை
இடது காது நனையும்.